டிரம்ப் நீதிக்கு இடையூறு செய்தாரா? முல்லர் அறிக்கையின் இரண்டாம் தொகுதியை எப்படி வாசிப்பது

முல்லர் விசாரணையின்போது டொனால்ட் டிரம்ப் நீதிக்கு இடையூறு செய்தாரா என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் இரண்டு கட்சிக்காரர்களும் ஒற்றைச் சொல்லில் பதில் வைத்திருக்கிறார்கள். அந்த ஒற்றைச் சொல்லில்தான் சிக்கல். முல்லர் அறிக்கையின் இரண்டாம் தொகுதி பத்துச் சம்பவங்களைத் தனித்தனியாக எடுத்து அலசுகிறது. பத்துக்கும் ஒரே எடை கிடையாது. சிலவற்றை வைத்து வழக்குப் போட்டால் முதல் நாளே ஆட்டம் காணும். சிலவற்றில் அதிபர் அல்லாத வேறு யாராக இருந்தாலும் குற்றப்பத்திரிகை பாய்ந்திருக்கும். என் வாசிப்பில் இந்த இரண்டாம் வகையில் மூன்று சம்பவங்கள் தெளிவாகச் சேர்கின்றன. ஊரே பேசிய கோமி பதவிநீக்கம் அந்த மூன்றில் ஒன்று அல்ல.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2016 தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றி எஃப்.பி.ஐ. அந்த ஆண்டு ஜூலை இறுதியில் விசாரணை தொடங்கியது. 2017 மார்ச் 2 அன்று அட்டர்னி ஜெனரல் (அரசின் நீதித்துறையின் தலைவர்) ஜெஃப் செஷன்ஸ், தானே டிரம்பின் பிரசாரத்தில் இருந்தவர் என்பதால், அந்த விசாரணையிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். மே 9 அன்று எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமியை டிரம்ப் நீக்கினார். மே 17 அன்று துணை அட்டர்னி ஜெனரல் ராட் ரோசன்ஸ்டீன், ராபர்ட் முல்லரைச் சிறப்பு வழக்கறிஞராக நியமித்தார். 2019 மார்ச் 22 அன்று அறிக்கை ஒப்படைக்கப்பட்டது. ஏப்ரல் 18 அன்று, கறுப்பு மை பூசிய பகுதிகளோடு 448 பக்கங்கள் வெளிவந்தன. முதல் தொகுதி ரஷ்யாவைப் பற்றியது, இரண்டாம் தொகுதி அதிபரைப் பற்றியது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

நீதிக்கு இடையூறு என்ற குற்றத்துக்கு அமெரிக்கச் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவு இல்லை. கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தின் 1503, 1505, 1512 ஆகிய பிரிவுகள் வெவ்வேறு கோணத்தில் அதைத் தொடுகின்றன. ஆனாலும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியது அடிப்படையில் மூன்று. இடையூறு செய்யக்கூடிய ஒரு செயல் நடந்திருக்க வேண்டும். அந்தச் செயலுக்கும், நடந்துகொண்டிருக்கும் அல்லது வரப்போவதாகத் தெரிந்த ஒரு நீதிமன்ற, கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவெடுக்கும் குடிமக்கள் குழு) நடவடிக்கைக்கும் தொடர்பு இருக்க வேண்டும். செய்தவர் மனதில் கெட்ட நோக்கம் இருந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வழக்கு இல்லை. முல்லர் ஒவ்வொரு சம்பவத்தின் முடிவிலும் இந்த மூன்றையும் வரிசையாக வைத்துத்தான் எடைபோட்டார். தொலைக்காட்சி விவாதங்களில் காணாமல் போனது இந்த எடைபோடுதல்தான்.

கோமி விஷயத்தில் இந்த மூன்றையும் வைத்துப் பாருங்கள். எஃப்.பி.ஐ. இயக்குநரை நீக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு. இயக்குநர் போனால் விசாரணை நின்றுவிடுமா? நிற்கவில்லை, கீழே இருந்தவர்கள் தொடர்ந்தார்கள். நீக்கியதால் விசாரணை நீளக்கூடும் என்று தனக்கே தெரியும் என, அந்த வாரமே என்.பி.சி. பேட்டியில் டிரம்ப் சொன்னார். அதே பேட்டியில் 'இந்த ரஷ்யா விவகாரம்' மனதில் இருந்தது என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தை மட்டும் வெட்டி ஒட்டி ஒப்புதல் வாக்குமூலம் ஆக்கியவர்கள் முதல் வாக்கியத்தை விட்டுவிட்டார்கள். நோக்கம் என்ன என்று பார்த்தால், 'அதிபர் தனிப்பட்ட முறையில் விசாரணையில் இல்லை' என்று வெளியில் சொல்லக் கோமி மறுத்ததுதான் நீக்கத்தைத் தூண்டியது என்பதற்குக் கணிசமான ஆதாரம் இருப்பதாக முல்லர் எழுதுகிறார். இது கோபம், சுயநலம் எல்லாம்தான். ஆனால் ஒரு சதியை மூடிமறைக்கவே நீக்கினார் என்பதை ஆதாரங்கள் நிறுவவில்லை. மோசமான முடிவு, பலவீனமான வழக்கு.

2017 பிப்ரவரி 14 சந்திப்பு கொஞ்சம் கனமானது. முந்தின நாள் பதவி விலகிய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக்கேல் ஃப்ளின்னை 'விட்டுவிட உங்களுக்கு வழி தெரியும் என்று நம்புகிறேன்' என்ற பொருளில், மற்ற எல்லோரையும் அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டு, கோமியிடம் டிரம்ப் பேசினார். நம்புகிறேன் என்பது உத்தரவா என்று மாதக்கணக்கில் பட்டிமன்றம் நடந்தது. முதலாளி கதவைச் சாத்திவிட்டு 'நம்புகிறேன்' என்றால் அதற்கு என்ன பொருள் என்று வேலை பார்க்கிற யாருக்கும் தெரியும். அரசுத் தரப்புக்குத் தலைவலி அங்கே அல்ல, இரண்டாவது கூறில். அந்தத் தேதியில் ஃப்ளின் விசாரணையில் கிராண்ட் ஜூரி அழைப்பாணை எதுவும் போயிருக்கவில்லை.

இப்போது வழக்கு நிற்கிற இடத்துக்கு வருவோம்.

2017 ஜூன் 14 இரவு, நீதிக்கு இடையூறு தொடர்பாக டிரம்பையே முல்லர் விசாரிக்கிறார் என்று வாஷிங்டன் போஸ்ட் செய்தி வெளியிட்டது. மூன்று நாள் கழித்து, ஜூன் 17 சனிக்கிழமை, கேம்ப் டேவிட்டிலிருந்து வெள்ளை மாளிகைச் சட்ட ஆலோசகர் டான் மெகானின் வீட்டுக்கு டிரம்ப் இரண்டு முறை தொலைபேசினார். ராட் ரோசன்ஸ்டீனைக் கூப்பிட வேண்டும், முல்லருக்கு நலன் முரண் இருக்கிறது, அவர் சிறப்பு வழக்கறிஞராக இருக்க முடியாது என்று சொல்ல வேண்டும். இதுதான் உத்தரவு. முல்லர் போயாக வேண்டும், முடித்துவிட்டுத் திரும்பக் கூப்பிடு என்று சொன்னதாக மெகான் விசாரணையில் தெரிவித்தார். அவர் கூப்பிடவில்லை. பொருட்களை எடுத்துக்கொள்ள அலுவலகத்துக்குப் போனார், ராஜினாமா செய்யத் தயாரானார். 1973 அக்டோபரில் வாட்டர்கேட் சிறப்பு வழக்கறிஞரை நிக்சன் நீக்கவைத்த அந்தச் சனிக்கிழமை இரவு மறுபடி நடந்தால், அதில் தன் பெயர் இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

நலன் முரண் என்ற சொல் ஏன் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சிறப்பு வழக்கறிஞர் விதிகளின்படி, அவரை அட்டர்னி ஜெனரல்தான் நீக்க முடியும், அதுவும் தகுந்த காரணத்தோடு. முறைகேடு, கடமை தவறுதல், இயலாமை, நலன் முரண் போன்றவைதான் அந்தக் காரணங்கள். செஷன்ஸ் ஒதுங்கிவிட்டதால் அந்த அதிகாரம் ரோசன்ஸ்டீன் கையில் இருந்தது. ஆகவே நீக்குவதற்கு விதிகளுக்குள் ஒரு காரணம் தேவைப்பட்டது. டிரம்ப் சொன்ன காரணங்கள் மூன்று: முல்லர் முன்பு வேலை பார்த்த சட்ட நிறுவனம், எஃப்.பி.ஐ. இயக்குநர் பதவி தொடர்பாக நியமனத்துக்கு முதல் நாள் டிரம்பைச் சந்தித்தது, வர்ஜீனியாவில் டிரம்பின் கோல்ஃப் மன்றத்தில் 2011இல் உறுப்பினர் கட்டணம் பற்றி எழுந்த தகராறு. கடைசியானது படிப்பதற்கே சிரிப்பு வரும். இவை எடுபடாது என்று டிரம்பின் சொந்த ஆலோசகர்களே அவரிடம் சொல்லியிருந்தார்கள். நீதித்துறையின் அறநெறி அதிகாரிகளும் மே மாதமே முல்லருக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். உத்தரவு போன தேதிக்குள் இவையெல்லாம் டிரம்புக்குத் தெரியும். காரணம் செல்லாது என்று தெரிந்தும் அதையே சொல்லச் சொன்னார் என்பதுதான் கெட்ட நோக்கத்துக்கான வலுவான சுற்றுச் சாட்சியம்.

இரண்டு நாள் கழித்து, ஜூன் 19. இந்த முறை வெள்ளை மாளிகையில் எந்தப் பதவியும் இல்லாத ஒருவரை, முன்னாள் பிரசார மேலாளர் கோரி லெவாண்டவ்ஸ்கியை, டிரம்ப் தேர்ந்தெடுத்தார். எழுதிக்கொள் என்று சொல்லி ஒரு செய்தியை வாய்மொழியாகச் சொன்னார். அதைச் செஷன்ஸிடம் சேர்க்க வேண்டும். அதிபருக்கு அநியாயம் நடக்கிறது என்று செஷன்ஸ் பொதுவில் பேச வேண்டும், முல்லரின் விசாரணையை இனி வரப்போகும் தேர்தல்களோடு நிறுத்திக்கொள்ளச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். வரப்போகும் தேர்தல்கள் என்றால் 2016 வெளியே போய்விடும். அதாவது விசாரணை என்ற பெயர் மட்டும் மிஞ்சும். லெவாண்டவ்ஸ்கி குறிப்பை வீட்டுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். ஜூலை 19 அன்று டிரம்ப் மறுபடி கேட்டார். லெவாண்டவ்ஸ்கி அதை ரிக் டியர்போர்ன் என்ற வெள்ளை மாளிகை அதிகாரியிடம் தள்ளிவிட்டார். டியர்போர்னும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அலுவலகம் முழுக்கச் சட்ட ஆலோசகர்கள் இருக்க, அட்டர்னி ஜெனரலுக்கு ஒரு செய்தி அனுப்ப ஏன் வெளியாள்? வாசித்தவர்கள் எல்லோருக்கும் தோன்றும் கேள்வி இது. விசாரணை தன் மீதும் தன் பிரசாரத்தின் மீதும் மேலும் நகராமல் தடுப்பதே நோக்கம் என்பதற்குக் கணிசமான ஆதாரம் உண்டு என்கிறது அறிக்கை.

மூன்றாவதுதான், என் கணக்கில், பத்திலும் வலுவானது. ஆனால் மிகக் குறைவாகப் பேசப்பட்டது. 2018 ஜனவரி 25 அன்று, முல்லரை நீக்க டிரம்ப் உத்தரவிட்டதாகவும் மெகான் ராஜினாமா செய்யத் தயாரானதாகவும் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அதன் பிறகு, அப்படி ஒரு உத்தரவே வரவில்லை என்று மெகான் மறுக்க வேண்டும் என டிரம்ப் வற்புறுத்தினார். வாயால் மறுத்தால் போதாது, கோப்பில் வைக்க ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று பணியாளர் செயலர் ராப் போர்ட்டர் மூலம் சொல்லி அனுப்பினார். எழுதாவிட்டால் வேலையை விட்டே தூக்க வேண்டியிருக்கும் என்ற பொருளில் ஒரு மிரட்டலும் கூடவே போனது. மெகான் மறுத்தார். பிப்ரவரி 6 அன்று ஓவல் அலுவலகத்தில் நேருக்கு நேர் பேச்சு நடந்தது. நீக்கு என்ற சொல்லை நான் சொன்னேனா என்று டிரம்ப் கேட்டார். ரோசன்ஸ்டீனைக் கூப்பிட்டு முல்லர் இருக்க முடியாது என்று சொல்லச் சொன்னீர்கள் என்றார் மெகான். ஏன் குறிப்பெடுக்கிறாய், வக்கீல்கள் குறிப்பெடுக்க மாட்டார்களே என்று டிரம்ப் கேட்டதும், உண்மையான வக்கீல் எடுப்பான் என்று மெகான் பதில் சொன்னதும் அதே பேச்சில்தான்.

இதற்கும் எதிர்வாதம் உண்டு, அதை நியாயமாகவே சொல்ல வேண்டும். செய்தித்தாள் 'நீக்கு' என்று எழுதியது, தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை, ஆகவே செய்தி தவறு என்று டிரம்ப் உண்மையிலேயே நினைத்திருக்கலாம். பத்திரிகைக்குப் பொய் சொல்வது குற்றமில்லை. இதே காரணத்தால்தான் டிரம்ப் டவர் சந்திப்பு (2016இல் டிரம்பின் மகன் ரஷ்ய வழக்கறிஞர் ஒருவரைச் சந்தித்தது) பற்றி 2017 ஜூலையில் வெளிவந்த மழுப்பல் அறிக்கை, வழக்காக நிற்காமல் விழுந்தது. ஆனால் கோப்புக்கான கடிதம் பத்திரிகைக்கானது அல்ல. அதற்குள் மெகான் முல்லர் குழுவிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டார், விசாரணை முடியவும் இல்லை. சாட்சி சொன்னதற்கு முரணான ஒரு எழுத்தை அதே சாட்சியின் கையால் எழுதி வாங்குவது என்பது, வழக்கு வந்தால் குறுக்கு விசாரணையில் அவரை உடைக்க உதவும் ஆயுதம். சாதாரண வழக்குகளில் சாட்சியைக் கலைப்பது என்று நாம் சொல்வது இதைத்தான்.

டிரம்பின் முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மானஃபோர்ட், முன்னாள் வழக்கறிஞர் மைக்கேல் கோஹன் பற்றிய பகுதிகளை வேகமாகக் கடந்துவிடலாம். வழக்கில் சிக்கியவர்கள் ஒத்துழைக்காமல் இருந்தால் புகழ்வதும், ஒத்துழைத்தால் திட்டுவதும், பொதுமன்னிப்பு என்ற சொல்லைக் காற்றில் தொங்கவிடுவதும் அங்கே திரும்பத் திரும்ப வருகின்றன. ஊகத்துக்கு நிறைய இடம் உண்டு, நேரடிச் சாட்சியம் குறைவு.

இனி வழக்கமாக எழும் ஆட்சேபங்கள். ரஷ்யாவோடு சதி நிரூபணமாகவில்லையே, குற்றமே இல்லாதபோது எதற்கு இடையூறு என்பது முதலாவது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தொழிலதிபர் மார்த்தா ஸ்டூவர்ட் 2004இல் இடையூறுக்காகவும் பொய் சொன்னதற்காகவும்தான் சிறை போனார். அவர் மீதிருந்த பங்கு மோசடிக் குற்றச்சாட்டை நீதிபதியே தள்ளுபடி செய்திருந்தார். அடிப்படைக் குற்றம் இல்லாவிட்டால் கெட்ட நோக்கத்தை நிரூபிப்பது கடினமாகும், அவ்வளவுதான். முல்லரும் அதை ஒப்புக்கொள்கிறார். எதுவும் நடக்கவில்லையே, விசாரணை முழுதாக முடிந்ததே என்பது இரண்டாவது. முயற்சியே குற்றம் என்று பிரிவுகளின் வாசகத்திலேயே இருக்கிறது. அதிபரின் முயற்சிகள் பெரும்பாலும் தோற்றதற்குக் காரணம், சுற்றியிருந்தவர்கள் அவர் உத்தரவை நிறைவேற்ற மறுத்ததுதான் என்று அறிக்கையே சொல்கிறது. மூன்றாவதுதான் கனமானது: அரசியல் சாசனம் கொடுத்த அதிகாரத்தை அதிபர் பயன்படுத்துவது குற்றமாகுமா? இதற்கு மட்டும் 2019இல் யாரிடமும் உறுதியான விடை இல்லை. 2024இல் வந்தது, அதைக் கீழே பார்ப்போம்.

அப்படியானால் முல்லர் ஏன் ஆம் என்று எழுதவில்லை? பதவியில் இருக்கும் அதிபர் மீது குற்றம் சாட்ட முடியாது என்று நீதித்துறையின் சட்ட ஆலோசனை அலுவலகம் 1973இலும் 2000இலும் கருத்துச் சொல்லியிருக்கிறது. நம் அரசியல் சாசனத்தில் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் 361ஆம் பிரிவு வெளிப்படையாகக் கொடுக்கும் பாதுகாப்பு போன்ற ஒன்று அமெரிக்கச் சாசனத்தில் எழுத்தில் இல்லை. அங்கே இருப்பது இந்தத் துறைக் கருத்து மட்டுமே, நீதித்துறை ஊழியரான முல்லர் அதற்குக் கட்டுப்பட்டவர். அதோடு அவர் இன்னொரு படி மேலே போனார். வழக்கே போட முடியாதபோது ஒருவரைக் குற்றவாளி என்று அறிக்கையில் எழுதினால், பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு நீதிமன்றம் இருக்காது, ஆகவே அதையும் செய்யக் கூடாது என்று முடிவெடுத்தார். ஆனால் ஒருபக்கக் கதவை மட்டும்தான் மூடினார். அதிபர் குற்றம் செய்யவில்லை என்று தெளிவாகத் தெரிந்திருந்தால் அப்படியே சொல்லியிருப்போம், சொல்ல முடியவில்லை என்பது அறிக்கையின் வாசகம். குற்றம் செய்தார் என்று முடிவு கட்டவும் இல்லை, குற்றமற்றவர் என்று விடுவிக்கவும் இல்லை.

இந்தக் கவனம் பொதுமக்களிடம் போய்ச் சேரவில்லை. அறிக்கை ஒப்படைக்கப்பட்ட மார்ச் 22 வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையே, செஷன்ஸுக்குப் பின் அட்டர்னி ஜெனரல் ஆன வில்லியம் பார் நான்கு பக்கக் கடிதம் ஒன்றை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். இடையூறு நடந்ததாக நிறுவ ஆதாரம் போதாது என்பது தானும் ரோசன்ஸ்டீனும் எடுத்த முடிவு என்று அதில் எழுதினார். தன் பணியின் சூழலையும் சாரத்தையும் அந்தக் கடிதம் முழுமையாகக் காட்டவில்லை என்று முல்லர் மூன்றே நாளில் பாருக்கு எழுதினார். அந்தக் கடிதமும் ஏப்ரல் இறுதியில்தான் வெளியே தெரிந்தது. அதற்குள் 'முழு விடுதலை' என்ற முழக்கம் ஊர் சுற்றி முடித்திருந்தது. மே மாதம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர்கள், இரண்டு கட்சி ஆட்சிகளிலும் பணியாற்றியவர்கள், அதிபர் என்ற கவசம் இல்லாத யாராக இருந்தாலும் இதற்குப் பல குற்றச்சாட்டுகள் பதிவாகியிருக்கும் என்று கூட்டறிக்கை விட்டார்கள். மெகான் சம்பவங்களையும் லெவாண்டவ்ஸ்கி சம்பவத்தையும் அவர்களும் முன்வைத்தார்கள், சாட்சிகளுக்கு வந்த அழுத்தத்தையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜூலை 24 நாடாளுமன்ற விசாரணையில், பதவி முடிந்த பிறகு அதிபர் மீது இடையூறுக் குற்றம் சாட்ட முடியுமா என்ற கேள்விக்கு முடியும் என்றார் முல்லர். அந்த விசாரணையிலிருந்து பதவி நீக்கத் தீர்மானம் எதுவும் பிறக்கவில்லை. மறுநாளே உக்ரைன் அதிபரோடு டிரம்ப் பேசிய தொலைபேசி உரையாடல் நடந்தது. டிசம்பரில் வந்த தீர்மானம் அதைப் பற்றியது. அதிலிருந்தது நாடாளுமன்றத்துக்கு இடையூறு என்ற வேறு குற்றச்சாட்டு. இரண்டையும் ஒன்றாக எழுதும் தவறு இன்னும் நடக்கிறது.

2024இல் உச்ச நீதிமன்றம் மூன்றே நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள் கொடுத்தது, அவை இந்தப் பழைய விவாதத்தின் அடித்தளத்தையே மாற்றிவிட்டன. ஜூன் 28 அன்று ஃபிஷர் வழக்கில், 1512ஆம் பிரிவின் பரந்த துணைப்பிரிவு ஆவணம், பொருள் போன்ற சாட்சியங்களின் இருப்பையோ நம்பகத்தன்மையையோ கெடுக்கும் செயல்களுக்குத்தான் பொருந்தும் என்று சுருக்கியது. முல்லர் அந்தத் துணைப்பிரிவுக்குப் பரந்த பொருள் உண்டு என்று பல பக்கம் வாதாடியிருந்தார். அது குறுகியது என்று வில்லியம் பார், அட்டர்னி ஜெனரல் ஆவதற்கு முன்பே, 2018 ஜூனில் 19 பக்கக் குறிப்பு எழுதி நீதித்துறைக்கு அனுப்பியிருந்தார். இந்த ஒரு விஷயத்தில் காற்று பார் பக்கம் அடித்தது. முல்லரை நீக்கச் சொன்னதும், விசாரணையைச் சுருக்கச் சொன்னதும் ஆவணத்தைத் தொடாதவை என்பதால் அந்தத் துணைப்பிரிவுக்கு வெளியே போய்விடுகின்றன. 1503 போன்ற மற்றப் பிரிவுகளை நம்ப வேண்டும். மெகானிடம் கேட்ட பொய்க் கடிதம் மட்டும் இந்தச் சல்லடையிலும் தங்குகிறது, ஏனென்றால் அது பொய் ஆவணம் உண்டாக்கச் சொன்னது. அதனால்தான் அதை வலுவானது என்றேன்.

ஜூலை 1 தீர்ப்பு இன்னும் பெரியது. சாசனம் அதிபருக்கு மட்டுமே கொடுத்த மைய அதிகாரங்களைப் பயன்படுத்தியதற்காக அவர் மீது ஒருபோதும் வழக்குப் போட முடியாது, மற்ற அலுவல் செயல்களுக்கும் விலக்கு உண்டு என்றே தொடங்க வேண்டும் என்றது அது. நீதித்துறை அதிகாரிகளோடு விசாரணைகள் பற்றிப் பேசுவதை முதல் வகையிலேயே சேர்த்தது. இதன்படி கோமி, ஜூன் 17 உத்தரவு, லெவாண்டவ்ஸ்கி மூலம் போன செய்தி எல்லாமே இன்று வழக்காக எழுவது மிகக் கடினம். லெவாண்டவ்ஸ்கி அரசு ஊழியர் இல்லை என்பதை வைத்து ஒருவர் வாதாடிப் பார்க்கலாம், ஆனால் செய்தி போக வேண்டிய முகவரி அட்டர்னி ஜெனரல். பொய்க் கடிதம் இரண்டாம் வகையில் விழும். தன் சட்ட ஆலோசகரைப் பொய் எழுதச் சொல்வது ஆட்சிப் பணியின் எந்தப் பகுதி என்று அரசுத் தரப்பு கேட்கலாம். ஆனால் அலுவல் செயல்களைச் சாட்சியமாகக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்துவதால், நோக்கத்தை நிரூபிக்கத் தேவையான முன்கதையை ஜூரி முன் வைப்பதே பாடாகிவிடும்.

நடைமுறையில் இதெல்லாம் ஏட்டளவில்தான். இந்தக் குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு ஐந்து ஆண்டு. மெகானுக்கு வந்த தொலைபேசி அழைப்புக்கு 2022 ஜூனிலும், கடிதம் கேட்டதற்கு 2023 பிப்ரவரியிலும் அது முடிந்தது. டிரம்ப் பதவியில் இல்லாதிருந்த 2021 ஜனவரிக்குப் பிறகான அந்த இடைவெளியில் பைடன் அரசின் நீதித்துறை இது தொடர்பாக வழக்கு எதுவும் போடவில்லை.

அறிக்கையை முழுதாகப் படிக்க நேரமில்லாதவர்கள், இரண்டாம் தொகுதியில் 77ஆம் பக்கத்திலிருந்து 98 வரையும், பிறகு 113இலிருந்து 120 வரையும் படியுங்கள். மொத்தம் முப்பது பக்கம்தான். ஒவ்வொரு சம்பவத்தின் முடிவிலும் உள்ள பகுப்பாய்வைத் தாண்டிப் போகாதீர்கள். அடிக்குறிப்புகளையும் விட வேண்டாம், யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார் என்பது அங்கேதான் இருக்கிறது.